பைலட்டுக்குத் தரும் டிப்ஸும் வருமானம்தான்

அமெரிக்காவில் பிரைவேட் ஜெட் பைலட்டுக்குப் பயணி கையில் தரும் பணம் அன்பளிப்பு, அதைக் கணக்கில் காட்டத் தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. வேலைக்காகக் கிடைப்பது டிப்ஸ். ரொக்கமாக வந்தாலும் வருமானம்தான். ஒரே நிறுவன வேலையில் ஒரு மாதம் 20 டாலரோ அதற்கு மேலோ கிடைத்தால், அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். விட்டுப்போனால் வருமான வரிக் கணக்கோடு படிவம் 4137-ஐ இணைத்து சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்), மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வரியைக் கட்டவேண்டும். அந்த வரியில் 50% அபராதமும் வரலாம்.

சம்பளம் குறைந்த கோ-பைலட் வீட்டுக்குத்தான் இதில் பெரிய நஷ்டம். கணக்கில் ஏறாத டிப்ஸ் பிற்காலப் பென்ஷனுக்கும் சேராது, அவர் இறந்தால் மனைவி, பிள்ளைகளுக்கு வரும் தொகைக்கும் சேராது. ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித் துறை) தளத்தில் ‘Publication 531’ (வெளியீடு 531) என்று தேடுங்கள், இந்த விதிகள் அதிலேயே இருக்கின்றன.