அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் முடிவெடுக்கக் கூடாதா? பரவும் தகவல் தவறு

"அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் எந்த வயதிலும் சொந்தமாக முடிவெடுக்க முடியாது, பெற்றோரோ காப்பாளரோ முடிவெடுப்பதே சர்வதேசச் சட்டம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இது தவறு.

2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது: வாழ்வின் எல்லாத் துறைகளிலும் அவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி, அதாவது சட்டப்படி செல்லுபடியாகும் முடிவுகளைத் தாங்களே எடுக்கும் உரிமை, உண்டு. முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால், அது கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். எளிய சொற்களில் எழுதிய ஆவணம், கூடுதல் நேரம், நம்பிக்கைக்குரிய ஒருவரின் துணை ஆகியவை அந்த உதவியில் அடங்கும். உதவி கேட்பது தகுதியின்மை ஆகாது. வழக்கறிஞரிடம் கலந்து பேசிவிட்டுக் கையெழுத்திடுபவரைத் தகுதியற்றவர் என்று யாரும் சொல்வதில்லையே!

காப்பாளர் சட்டங்கள் பல நாடுகளில் நீடிப்பது உண்மைதான். அவற்றை மாற்ற வேண்டும் என்றுதான் உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2014இல் விளக்கவுரை வெளியிட்டது. அந்தக் குழுவுக்கே 2016இல் தேர்ந்தெடுக்கப்பட்டார் நியூசிலாந்தின் ராபர்ட் மார்ட்டின். அவரும் அறிவுசார் குறைபாடு கொண்டிருந்தவர். சிறுவயதின் பெரும்பகுதியைக் காப்பகங்களில் கழித்தவர்.

உடன்படிக்கையின் முழு வாசகம் ஐ.நா. மனித உரிமை அலுவலக இணையதளத்தில் இருக்கிறது. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு 12ஆம் பிரிவைக் காட்டுங்கள்.