தங்கச்சியைக் கடத்திட்டானுங்க, நான் ஆடு தேடிட்டிருக்கேன்

சனிக்கிழமை ராத்திரி பதினொண்ணே கால். பொண்ணு தூங்கிட்டா. மறுநாள் லீவு. வாரம் பூரா இந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான் காத்துக்கிடந்தேன். சோபா நுனியில உக்காந்து, கையில கன்ட்ரோலரோட, ஒரு வெள்ளாட்டைத் தேடிட்டிருக்கேன்.

தண்ணி குடிக்க எழுந்து வந்த வீட்டம்மா டிவியைப் பார்த்துட்டு நின்னாங்க.

"என்னங்க பண்றீங்க?"

"ஆடு தேடறேன்."

"எதுக்கு?"

"ஒரு பெரியவரோட ஆடு காணாமப் போச்சாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்ல. அப்புறம் சொன்னாங்க: "ஊர்ல அப்பத்தா ஆட்டைப் பத்திட்டு வரச் சொன்னா மட்டும் காது கேக்காத மாதிரி படுத்துக்கிடப்பீங்களாமே. அத்தை சொல்லியிருக்காங்க." சொம்பை வெச்சுட்டுப் போயிட்டாங்க.

என்னத்தைப் பதில் சொல்ல? கதைப்படி என் தங்கச்சியைக் கடத்திட்டானுங்க. விடியறதுக்குள்ள வரலைன்னா கழுத்தை அறுத்துடுவேன்னு வில்லன் சொல்லிட்டுப் போய் எங்க வீட்டுக் காலண்டர்ல ஒன்பது நாள் ஆச்சு. கேமுக்குள்ள எத்தனை விடியல் வந்து போச்சுன்னு கணக்கே இல்ல. அவனும் எங்கயோ ஒரு கோட்டையில கத்தியை ஓங்கின கையோட அப்படியே நிக்கிறான், பாவம். நான் வந்தாதான் அவனுக்கு அடுத்த வசனம். நான் வரல. ஆடு தேடறேன்.

கேம் பேரைச் சொல்லப்போறதில்ல. சொன்னா ஒரு கூட்டம் வந்து "நீங்க விளையாடுற முறையே தப்பு ப்ரோ"ன்னு வகுப்பெடுக்கும். பேர் தேவையும் இல்ல. கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துல வந்த ஓப்பன் வேர்ல்டு (ஒரு பெரிய உலகத்தைத் திறந்துவிட்டு, எங்க வேணா சுத்துங்கன்னு விடுற) அட்வென்ச்சர் கேம்ல பாதிக்கு இந்தப் பதிவை அப்படியே ஒட்டிக்கலாம். 118 ஜிபி. ரெண்டு ராத்திரி டவுன்லோடு, நடுவுல ஒரு தடவை கரண்ட் கட். இறங்கி முடிச்சு, முதல் அரை மணி நேரம் பிரமாதம். பனி, கப்பல், சண்டை, தங்கச்சி அலறல், நெஞ்சு அடிச்சுக்குது. அப்புறம் ஒரு கோபுரம் வந்துது பாருங்க. அங்க பிடிச்சுது சனி.

கோபுரத்து உச்சிக்கு ஏறி ஒரு பட்டனை அழுத்தணும். கேமரா ஊரைச் சுத்தி ஒரு ரவுண்டு வருது, வயலின் பொங்குது. மேப்பைத் திறந்தா, பொரிக்கடையில மூட்டை கிழிஞ்ச மாதிரி ஐகான். பெட்டி 34. இறகு 40. கொள்ளைக்கூட்ட முகாம் 12. கல்வெட்டு 18. நாட்டு வைத்தியருக்கு மூலிகை, கொல்லனுக்கு இரும்பு, பெரியவருக்கு ஆடு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல 0/34, 0/40னு கணக்கு வேற. மாமியார் கையில கொடுத்தனுப்புற மளிகை லிஸ்ட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? மளிகை லிஸ்ட்டுல மிஞ்சின சில்லறையை நாம வெச்சுக்கலாம், அவ்வளவுதான்.

கேக்குறேன், புதையல்னா என்னய்யா? எங்க இருக்குன்னு தெரியாம இருக்கிறதுக்குப் பேர்தானே புதையல்? மேப்புல புள்ளி வெச்சு, புள்ளிக்குக் கோடு போட்டு, எத்தனை மீட்டர்னு ஓரத்துல எழுதியும் கொடுத்துட்டா, அது பார்சல் ஆபீஸ்ல போய்ப் பொட்டலம் வாங்குற வேலை. இதுல வாயில்லாத ஹீரோவும் கிடையாது. ஒரு சுவருக்கு முன்னாடி நாலு செகண்ட் யோசிச்சு நின்னா போதும், "ம்ம்... அந்தக் கயிறைப் பிடிச்சு ஏறலாம் போலிருக்கே"ன்னு அவனே முணுமுணுக்கிறான். டேய், நான் யோசிக்கத்தானேடா காசு கொடுத்தேன்!

"சைடு வேலை எல்லாம் கட்டாயமா என்ன, கதையை மட்டும் ஆடுங்களேன்"னு சொல்றவங்களுக்கு: ஆடிப் பார்த்தேன் சார். அடுத்த மிஷனுக்கு என் ஹீரோவோட பலம் லெவல் 24 வேணுமாம். நான் 19. கோட்டை வாசல்ல நிக்கிற காவக்காரனை இருபது தடவை வெட்டினாலும் அவன் ரத்தக் கோடு பல்லி வால் அளவுகூடக் குறையல. அவன் ஒரே போடு, நான் காலி. அப்ப அந்த அஞ்சு லெவலை எங்க போய் வாங்குறது? ஆடு, மூலிகை, இறகு. இல்லைன்னா கேமுக்குள்ளயே ஒரு கடை இருக்கு, அங்க நிஜ ரூபாய் கட்டினா லெவல் வேகமா ஏறுமாம். மெதுவா ஏறுற மாதிரி செஞ்சதும் நீங்க, வேகத்தை விக்கிறதும் நீங்க. நல்லா இருக்குய்யா வியாபாரம்.

எனக்கு ஓப்பன் வேர்ல்டு பிடிக்காதுன்னு நினைச்சுடாதீங்க. இதுல விழுந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பள்ளிக்கூடம் முடிஞ்சதும் பிரவுசிங் சென்டர், ஒரு மணி நேரம் 20 ரூபா, ஜிடிஏ வைஸ் சிட்டி. மியாமி சாயல்ல செஞ்ச ஊரு. எங்க செட்டுல ஒருத்தனும் ஒழுங்கா மிஷன் ஆடினதில்ல. பேன்சர்னு டைப் அடிச்சா டாங்கி வந்து விழும், அதை ஓட்டிட்டுத் தெருத்தெருவா அழிச்சாட்டியம், டைம் முடிஞ்சதும் சென்டர் அண்ணன் வந்து தோள்ல தட்டுவாரு. ஆனா ஆரம்பத்துல அந்த ஊர்ல பாதிதான் திறந்திருக்கும். புயல் எச்சரிக்கைன்னு சொல்லி மறுபாதி இருக்கிற தீவுக்குப் போற பாலத்தையெல்லாம் அடைச்சு வெச்சிருப்பாங்க. மிஷன் ஆடினா திறக்கும்னு எங்களுக்கு யாரும் சொல்லல. தடுப்பு முன்னாடி பைக்கை நிறுத்திட்டு அந்தப் பக்கம் தெரியற கட்டடத்தைப் பார்த்துட்டே இருப்போம். அங்க ஏர்போர்ட் இருக்குன்னு ஒருத்தன் சொல்வான். பொய்யுடான்னு இன்னொருத்தன் சொல்வான். பாதி வாரம் அந்தப் பேச்சுலயே ஓடும். இன்னிக்கு வர்ற மேப்போட பக்கத்துல வெச்சா வைஸ் சிட்டி ஒரு பேட்டை. ஆனா அடைச்ச பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு கண்டமே இருந்துது.

இந்த வகையோட வேரே அந்த ஏக்கம்தான். செல்டா கேமை உருவாக்கின ஷிகெரு மியாமோட்டோ சின்னப் பையனா கியோட்டோ பக்கம் சோனோபேங்கிற ஊர்ல காடு மேடு சுத்தினவர். நடந்து போனப்ப எதிர்பாராம ஒரு ஏரி வந்து நின்னதையும், விளக்கோட குகைக்குள்ள நுழைஞ்சதையும் பல தடவை சொல்லியிருக்காரு. 1986ல வந்த முதல் செல்டாவுக்கு விதை அந்த நடை. அந்த ஏரி மேல ஒரு ஐகானும், "ஏரி: 400 மீட்டர்"னு ஒரு போர்டும் இருந்திருந்தா அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாரு.

அதே செல்டா 2017ல பிரெத் ஆஃப் தி வைல்டா வந்தப்ப, நான் மறுபடி பாலத்துத் தடுப்பு முன்னாடி நின்ன பையனாயிட்டேன். அதுலயும் கோபுரம் இருக்கு, 15. ஏறினா நிலத்தோட வரைபடம் மட்டும்தான் கிடைக்கும், மலை, ஆறு, பாதை. கோயில் எங்க, பெட்டி எங்கன்னு ஒரு புள்ளி கிடையாது. கோபுரத்து மேல நின்னு தூரத்துல எதையாவது பார்த்து, அதுல நீங்களே குறி வெச்சுக்கணும். குன்றுகளை முக்கோணமா வெச்சு, ஒவ்வொண்ணும் பின்னால இருக்கிறதை மறைக்கிற மாதிரி, ஏறிப் போறதா சுத்திப் போறதான்னு நம்மளை முடிவெடுக்க வைக்கிற மாதிரி அமைச்சோம்னு செஞ்சவங்களே விளக்கியிருக்காங்க. ஒரு ராத்திரி மழையில ஒரு பாறையில ஏறப் போய், வழுக்கி வழுக்கி விழுந்து, சரின்னு கீழ ஒரு பொந்துல தீ மூட்டி உக்காந்து மழை விடக் காத்திருந்தேன். எந்த மிஷனும் இல்ல, 0/34 இல்ல. சும்மா மழை.

அதுலயும் கொரோக் விதைன்னு 900 குட்டிப் பொருளை ஒளிச்சு வெச்சிருக்காங்களேன்னு கேப்பீங்க. ஆமா. பையோட இடத்தை முழுசாப் பெருசாக்க அதுல பாதிகூட வேணாம், 441 போதும். அடம் பிடிச்சு 900ஐயும் தேடி எடுத்தவனுக்கு என்ன பரிசு தெரியுமா? பீ மாதிரி சுருண்ட ஒரு தங்கப் பொருள். "உன்னை யாருப்பா எல்லாத்தையும் எடுக்கச் சொன்னது"ன்னு சிரிச்சுட்டே தலையில குட்டு வெக்கிறாங்க. நம்ம ஆட்டுக்கார கம்பெனி இதைப் பார்த்துட்டு "ஓ, மலை ஏறலாம், சரி, கிளைடர் வேணும், சரி"ன்னு எழுதிட்டுப் போச்சே தவிர, அந்தக் குட்டு வெச்சதை மட்டும் விட்டுடுச்சு.

எல்டன் ரிங்னு இன்னொரு கேம். 2022. லிம்கிரேவ்ங்கிற பகுதியில கிழக்குப் பக்கம் ஒரு காடு, கரடி உலாத்துற இடம், தப்பிச்சு ஓடிட்டிருந்தேன். ஒரு சின்ன மண்டபம், உள்ள வட்டமா ஒரு கல்மேடை. மிதிச்சா லிஃப்ட்டு, இறங்குது. இறங்குது. இறங்கிக்கிட்டே இருக்குது. கோளாறு ஆயிடுச்சோன்னு நினைக்கிற அளவுக்கு இறங்கி, கடைசியில திறந்தா, பூமிக்கு அடியில ஒரு ஆறு, அதுக்கு மேல வானம் நிறைய நட்சத்திரம். எனக்கு முப்பத்தஞ்சு வயசு தாண்டியாச்சு, வீட்டுக்கடன் கட்டுறேன், வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் சொல்லல, ஒரு அம்புக்குறி காட்டல. அந்தக் கல்மேடையை மிதிக்காம போயிருக்கவும் சான்ஸ் இருக்கு. அதனாலதான் அது என்னோடது.

அதுலயும் குறை இருக்கு, மறைக்க மாட்டேன். கடைசிப் பனிமலை வர்றதுக்குள்ள பார்த்த பூதத்தையே மறுபடி மறுபடி பார்த்து அலுத்துது, பாதாளக் கல்லறைகள் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. இவ்வளவு பெருசுக்கு இந்த விலை கட்டியே ஆகணுமா? என் சந்தேகம் இங்கதான். பெருசா செய்யத் தெரிஞ்சவங்களே பெருசாக்கினதால மூச்சு வாங்குறாங்க. நோ மேன்ஸ் ஸ்கைங்கிற விண்வெளி கேம் 2016ல வந்தப்ப கிரகங்களோட எண்ணிக்கை 1.84 லட்சம் கோடி கோடி, கம்ப்யூட்டரோட 64 பிட் எண்ணுக்குள்ள எவ்வளவு அடங்குமோ அவ்வளவு. ஆனா மூணாவது கிரகத்துலயே ரெண்டாவது கிரகத்தைப் பார்த்த ஞாபகம் வந்தவங்க எத்தனையோ பேர். (அப்புறம் வருஷக்கணக்கா இலவச அப்டேட் கொடுத்து அதை நிமிர்த்தினாங்க, அது மரியாதையான வேலை.) இந்தப் பக்கம் 2019ல அவுட்டர் வைல்ட்ஸ்னு ஒரு கேம். கைக்கடக்கமா ஒரு சூரியக் குடும்பம், 22 நிமிஷத்துல சூரியன் வெடிச்சு எல்லாம் முதல்ல இருந்து. வாளு கிடையாது, லெவல் கிடையாது, இறகு கிடையாது. நேத்து தெரியாதது இன்னிக்குத் தெரியும், அது மட்டும்தான் நமக்குச் சேர்றது. பிரபஞ்சம்னா அதுதான் பிரபஞ்சம்.

எனக்கு உண்மையா எரியறது வேற ஒண்ணு. நல்லாக் கதை சொல்லிட்டிருந்த கேம்களையும் இந்த வியாதி பிடிச்சுக்குது. பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துல முடியற, ஆரம்பம் முடிவு உள்ள ஒரு சாகசம் இருக்கும். அடுத்த பாகத்துக்கு விளம்பரம் வரும்: "முந்தைய பாகத்தைவிட நாலு மடங்கு பெரிய உலகம்." கதையும் நாலு மடங்கா? இல்ல. அதே கதைதான். பாலுல நாலு சொம்புத் தண்ணி. நடுவுல குதிரை, அதைத் தட்டித் தட்டி ஓட்டணும். அளவாத் திறக்கவும் முடியும்கிறதுக்கு அன்சார்ட்டட் தி லாஸ்ட் லெகசி இருக்கு, 2017, கதை நடக்கிறது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில. ஒரு அத்தியாயம் மட்டும் அகலமாத் திறக்கும். ஜீப்பு, சேறு, அருவி, ஹொய்சளர் இடிபாடு. கதாநாயகி குளோயி கையில காகித மேப், பார்த்ததை அவளே பேனாவால குறிச்சுக்குவா. எந்தப் பக்கம் வேணா போங்க. சுத்தி முடிச்சதும் கதை மறுபடி கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும். போதும். வயிறு நிறைஞ்சுது, இலையை மூடியாச்சு.

நம்ம மேலயும் தப்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஒரு கேம் நாலாயிரம் அஞ்சாயிரம் ரூபா. வாங்குறதுக்கு முன்னாடி நாம கேக்குற முதல் கேள்வி "எத்தனை மணி நேரம் ஓடும்?" எட்டு மணி நேரம்னா முகம் சுளிக்கிறோம். எண்பதுன்னா "செம வொர்த்து"ங்கிறோம். நானே கேட்டிருக்கேன், கூசாம. அன்லிமிடெட் மீல்ஸ்னு போர்டு போட்டாத்தான் உள்ள வருவேன்னு அடம் பிடிச்சது நாம, அப்புறம் சாம்பார்ல தண்ணின்னு கத்துறதும் நாம. 2023ல அசாசின்ஸ் கிரீட் மிராஜ், அதுக்கு முந்தின பாகமான வல்ஹால்லாவோட துணைக்கதையா ஆரம்பிச்சது, பெரும்பாலும் பாக்தாத்ங்கிற ஒரே ஊருக்குள்ள அடங்கி வந்தப்ப எனக்குச் சந்தோஷமா இருந்தது. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், "இவ்வளவுதானா?"

அந்த ஆடு கிடைச்சுது. மணி பன்னிரண்டேமுக்கால். ஒரு பாறைக்குப் பின்னாடி, பாதி உடம்பு பாறைக்குள்ள புதைஞ்சு நின்னு மே-ன்னுது. ஓட்டிட்டு வந்து கொடுத்தேன். பெரியவர் அழுதாரு, ஆசீர்வாதம் பண்ணாரு, ஒரு தோல் பெல்ட் கொடுத்தாரு. நான் ஏற்கெனவே கட்டியிருந்த பெல்ட்டைவிட மட்டம். ஓரத்துல எழுத்து வந்துது: தொலைந்த ஆடுகள் 1/5.

கேமையே தூக்கிட்டேன். 118 ஜிபியையும் அப்படியே டெலிட். தங்கச்சி என்னை மன்னிக்கட்டும்.

இதை டைப் பண்ணிட்டிருக்கும்போது காலியான அந்த இடத்துல இன்னொண்ணு இறங்கிட்டிருக்கு. ஓப்பன் வேர்ல்டுதான், சேல்ல போட்டிருந்தான். டிரெய்லர்ல ஒரு மலை, மலைக்கு மேல ஒரே ஒரு வெளிச்சம், என்னன்னு காட்டவே இல்ல. 43 சதவீதம். கரண்ட் மட்டும் போகாம இருக்கணும்.