பறக்காத பட்டத்துக்கு எதற்கு இத்தனை கைதட்டல்?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ‘பட்டம் வழிக் கற்றல்’ என்று எல்லோர் பக்கத்திலும் ஓடுகிறதே, பள்ளிக்கூடங்கள் போடும் அந்தப் படங்களைப் பற்றித்தான். சார்ட் அட்டையில் வெட்டிய பட்டங்கள், தெர்மகோல் மேகம், ஜிகினாத் தூள், ஒவ்வொன்றின் மேலும் கொட்டை எழுத்தில் ஒரு வாய்பாடு. நான் கீழே கேட்டது ஒரே கேள்வி: “இதில் எத்தனை பறந்தது?” வந்த பதில்களில் ‘வயிற்றெரிச்சல்’ என்பதுதான் இருப்பதிலேயே மரியாதையானது.

சரி, நீளமாகவே கேட்டுவிடுகிறேன். பட்டத்தை வைத்துப் பாடம் நடத்துவதாக இருந்தால் அந்தப் பட்டம் மேலே போக வேண்டாமா? மேலே போகாத பட்டத்தில் எழுதிய வாய்பாட்டைக் கரும்பலகையிலேயே எழுதியிருக்கலாமே. சுண்ணக்கட்டி மட்டும்தான் செலவு.

கணக்கிலிருந்தே வருகிறேன். நெடுக்காக 60 செ.மீ. முதுகுக் குச்சி, 50 செ.மீ. குறுக்குக் குச்சி. குறுக்குக் குச்சி மேல்நுனியிலிருந்து 15 செ.மீ. தள்ளி உட்கார வேண்டும். பரப்பு மூலைவிட்டங்களின் பெருக்கலில் பாதி, 1500 சதுர செ.மீ. இதைப் படத்தில் இருந்த வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள், சரிதான். ஆனால் ஓரத்தைச் சுற்றி நூல் ஓட்ட எவ்வளவு நூல் வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. மேல் விளிம்பு 15-க்கும் 25-க்கும் கர்ணம், 29 செ.மீ. சொச்சம். கீழ் விளிம்பு 45-க்கும் 25-க்கும் கர்ணம், 51 சொச்சம். இரண்டிரண்டாகக் கூட்டினால் ஏறக்குறைய 161 செ.மீ. 150-க்கு வெட்டிய குழுவுக்கு நூல் எட்டாது. பிதாகரஸ் தேற்றத்தை அந்தக் குழு அதற்குப் பிறகு மறக்காது.

அடுத்தது கனம். சதுர மீட்டருக்கு 20 கிராம் உள்ள மெல்லிய வண்ணத்தாளில் இந்தப் பட்டத்தின் தாள் மட்டும் 3 கிராம். செய்தித்தாள் என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சார்ட் அட்டை இன்னும் பல மடங்கு. அதன்மேல் ஜிகினா, அதன்மேல் பசைத் துப்பாக்கியின் சொட்டு. ஒரு தராசு இருந்தால் அறிவியல் பாடத்தின் பாதி அங்கேயே முடிந்தது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் முதல் தடவை விழும். விழட்டும், பாடம் அங்கேதான் இருக்கிறது. ஒரே பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறதா? முதுகுக் குச்சியை விரலில் தாங்கிப் பாருங்கள். குறுக்குக் குச்சியில் ஒரு பக்கம் கணு இருக்கும், அல்லது பசை அதிகம் அப்பியிருக்கும். பிளேடால் சீவ வேண்டியதுதான். பம்பரம்போலச் சுழல்கிறதா? வால் போதவில்லை. இந்த அளவுக்கு இரண்டு விரல் அகலத் துணியில் 3 மீட்டரில் தொடங்கி, தேவைப்பட்டால் அரை அரை மீட்டராகக் கூட்டலாம். வால் தரையை விட்டே எழும்பவில்லையா? அதிகமாகிவிட்டது, வெட்டுங்கள். வாலே வேண்டாம் என்றால் குறுக்குக் குச்சியைப் பின்பக்கமாக 5 செ.மீ. ஆழத்துக்கு வில்போல வளைத்து நூலால் கட்டலாம். தட்டையான பட்டத்துக்கு வால் ஏன் வேண்டும், வளைத்ததற்கு ஏன் வேண்டாம் என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய இயற்பியல் வகுப்பு தானாக நடக்கும்.

சூத்திரம், அதாவது பறக்கும் நூலை முடிவதற்காகப் பட்டத்தில் கட்டும் நூல், அதைப் போடுவதைப் பற்றி அந்தச் சுவரில் ஒரு வரி இல்லை. பட்டத்தின் உயிரே அதில்தான். குச்சிகள் சேரும் இடத்தில் ஒரு முனை, முதுகுக் குச்சியின் அடிநுனியில் மறுமுனை, தாள் முகத்தின் பக்கமாக. மேல் பகுதி 25, கீழ்ப் பகுதி 50 செ.மீ. வருகிற இடத்தில் பறக்கும் நூலை முடியுங்கள். முடிச்சு கீழே இறங்கினால் பட்டம் சுவர்போல நின்று காற்றை வாங்கும். இழுக்கும், ஏறாது. ரொம்ப மேலே போனால் மூக்கு படபடத்துக் கவிழும். அரை செ.மீ. நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, நடந்ததைக் குறித்து வை. ஆய்வு முறையைப் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவாக எப்படிக் கற்றுக்கொடுப்பது?

“மாஞ்சாவால் கழுத்தறுபட்டுச் சாகிறார்கள், நீ பிள்ளைகளைப் பட்டம் விடச் சொல்கிறாயா” என்று ஒருவர். ஐயா, மாஞ்சா வேறு, பட்டம் வேறு. நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது 2017-இல். கண்ணாடித் தூள் பூசியது டீல் போடுவதற்கு, அதாவது அடுத்தவர் பட்டத்தை அறுப்பதற்கு. வகுப்புக்கு வேண்டியது பூசாத பருத்தி நூல், 40 மீட்டர் போதும். மின்கம்பி இல்லாத இடம், வண்டி ஓடாத இடம், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடிக்கு ஏறவே கூடாது. கம்பியில் சிக்கினால் நூலை விட்டுவிட்டு வர வேண்டும், மழைத் தூறலில் விடவே கூடாது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. நாம் சொல்லாவிட்டால் தெருமுனையில் ஒருவன் மாஞ்சாவோடு சேர்த்துச் சொல்லிக்கொடுப்பான். சமூக அறிவியல் ஆசிரியருக்கு ஒரு கொசுறு: 1934-ஆம் ஆண்டின் இந்திய வானூர்திச் சட்டம் பட்டத்தையும் வானூர்தி என்றே வரையறுத்தது. குடிமையியல் வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சும் நிமிரும்.

“போர்ஷன் யார் முடிப்பது?” ஜிகினா ஒட்டப் போன மூன்று பாடவேளையில் முடித்திருக்கலாம். இதற்கு மேல் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

“எங்கள் பள்ளியில் மைதானமே இல்லை.” இது நியாயம். மைதானம் இருந்தாலும் கட்டடத்தின் பின்னால் காற்று சுருண்டு அலையும். கட்டட உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் வரை அந்தக் குழப்பம் இருக்கும். 8 மீட்டர் கட்டடம் என்றால் 80 மீட்டர். பிள்ளைகள் ‘காற்றே இல்லை சார்’ என்று திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். பக்கத்து ஊர்த் திடல், அறுவடை முடிந்த வயல் கிடைக்குமா என்று பாருங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊர் என்றால் கோடையில் கடற்காற்று நுழைந்த பிறகு பிற்பகல் பாடவேளை. இலைகளும் மெல்லிய குச்சிகளும் விடாமல் ஆடினால் சரியான காற்று. புழுதி கிளம்பினால் உள்ளே போய்விடுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் மேல் விழும் விசை நான்கு மடங்கு, தாள் கிழியும்.

வரலாறு என்றதும் எல்லோரும் இடிமேகத்தில் பட்டம் விட்ட பிராங்க்ளின், 1752 என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சுவரிலும் மின்னல் படத்தோடு இருந்தது. எந்தப் பிள்ளையும் செய்துபார்க்கக் கூடாத ஒன்றைத்தான் எல்லோரும் வரைந்து மாட்டுகிறோம்! அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1749-இல், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கம் அலெக்சாண்டர் வில்சன் என்பவர் பட்டங்களைத் தொடராகக் கட்டி வெப்பமானியை மேலே அனுப்பினார். திரி எரிந்து முடிந்ததும் வெப்பமானி கழன்று விழும், உடையாமலிருக்கக் காகிதக் குஞ்சம். 1901 டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த வானொலிச் சமிக்ஞையைப் பிடிக்க மார்க்கோனி நியூஃபவுண்ட்லாந்தில் ஆன்டெனாக் கம்பியை ஏற்றியதும் பட்டத்தில்தான். வேறு எதுவும் ஏன் அங்கே உதவவில்லை என்று பிள்ளைகளை யோசிக்க விடலாம்.

உயரம் அளப்பதை விட்டுவிட்டேனே. கோணமானியைத் தலைகீழாகப் பிடித்து நடுவில் நூல்குண்டு தொங்கவிட்டு, நேர்விளிம்பு வழியே பட்டத்தைப் பார்த்தால் போதும். குண்டு 40 காட்டினால் ஏற்றக்கோணம் 90-லிருந்து அதைக் கழித்து 50. இங்கேதான் பாதி வகுப்பு தப்பும். 30 மீட்டர் நூல் என்றால் சைன் 50 பெருக்க, 23 மீட்டர். உண்மையான உயரம் அதைவிடக் குறைவு, நூல் தொய்கிறதல்லவா. ஒன்பதாவதுக்குக் கீழே என்றால் அளவுத்திட்டப் படம் வரைந்தால் ஆயிற்று.

தமிழ் வகுப்பை யாரும் நினைப்பதே இல்லை. ஒரு குழு செய்முறையை எழுதட்டும். அடுத்த குழு வாய்திறந்து எதையும் கேட்காமல் அதைப் படித்து மட்டுமே செய்யட்டும். ‘குச்சியை நன்றாகக் கட்டவும்’ என்று எழுதினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். எங்கே, எத்தனை சுற்று, எந்த முடிச்சு?

“பிள்ளைகளின் ஆர்வத்தைக் கெடுக்காதீர்கள்” என்றவருக்குத்தான் எனக்குக் கோபமே. ஆர்வம் பிள்ளைகளுடையது, சார்ட் யாருடையது? அந்த நேர்க்கோடும் அந்தக் கையெழுத்தும் ஆறாம் வகுப்புப் பிள்ளையுடையதா? ஆசிரியர்களைத் திட்டவில்லை. எந்தப் பள்ளியிலும் படம் கேட்கிறார்கள், இன்றைக்குள் கேட்கிறார்கள், விழுந்து கிடக்கும் பட்டத்தின் படத்தை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் பறக்கவே வேண்டாத பட்டமாகச் செய்துவிடுகிறோம். அதைச் சொன்னால் நான் வயிற்றெரிச்சல்காரன்.

‘அருமை சார்’ என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். உங்கள் பிள்ளைகளின் பட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது, வால் எத்தனை மீட்டர், சூத்திர முடிச்சு எங்கே என்று எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.