2006 கால்பந்து உலகக் கோப்பையை மால்தீனி வென்றாரா?

'2006 உலகக் கோப்பையை இத்தாலி கேப்டனாகத் தூக்கியவர் பாவ்லோ மால்தீனி' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. அன்று பெர்லினில் கோப்பையைத் தூக்கியவர் ஃபாபியோ கன்னவாரோ. மால்தீனி அணியிலேயே இல்லை. 2002-இல் தென்கொரியாவிடம், கூடுதல் நேரத்தில் ஆன் ஜங்-ஹுவான் தலையால் முட்டிய கோல்டன் கோலில் (விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் கோல்) இத்தாலி தோற்றதே அவரது 126-ஆவது, கடைசி சர்வதேசப் போட்டி. மால்தீனியின் 3-ஆம் எண் சட்டையை 2006-இல் அணிந்தவர் ஃபாபியோ குரோசோ. இறுதிப் போட்டியில் கடைசி பெனால்டியை அடித்தாரே, அவர்தான். குழப்பம் அதில் வந்திருக்கலாம்.

சரி, மால்தீனி வென்றது? மிலான் கிளப் அணிக்காக ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள். அதுவே போதாதா! ஃபிஃபா இணையதளத்தில் 2006 வீரர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியை இனிமேல் ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.