கடைமடைக்கு எப்போது தண்ணீர்?

பொருளாதாரத்தின் அடிப்படைக் கேள்விகள் பற்றிய உங்கள் கட்டுரை, எதை, எப்படி, யாருக்காக உற்பத்தி செய்வது என்ற மூன்றையும் நன்றாக விளக்குகிறது. காவிரி டெல்டாவில் இது வருஷா வருஷம் வரும் கேள்வி. மேட்டூர் அணை முழுதாக நிரம்பினாலும் 93.47 டிஎம்சிதான் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). 2023-இல் ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறந்தார்கள்; நீர் இருப்பு குறைந்துபோய் அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று. 2024-இல் அந்தத் தேதியில் திறக்கவே முடியவில்லை. அப்படிப்பட்ட வருஷத்தில் குறுகிய கால நெல்லான குறுவையை விட்டுவிட்டு, அடுத்து வரும் நீண்ட கால நெல்லான சம்பாவுக்குக் காத்திருப்பதா? நாற்று விடுவதா, நேரடி விதைப்பா? சரி, இதையெல்லாம் விவசாயி எப்படியோ முடிவு செய்துவிடுவார். யாருக்கு என்பதுதான் வலிக்கிறது. போர்வெல் இருப்பவர் நட்டுவிடுகிறார். முறை வைத்துத் திறந்தாலும் வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடை நனைந்த பிறகுதான் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர். கடைமடையான தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் காய்ந்த வாய்க்காலைப் பார்த்து நிற்பவர்களைப் பற்றியும் தயவுசெய்து எழுதுங்கள்.