தக்கலை வழிப் பேருந்துகள் குறித்து ஒரு திருத்தம்

நாகர்கோவிலில் ‘தக்கலை வழி’ என்று பலகை போட்ட எந்தப் பேருந்தில் ஏறினாலும் மார்த்தாண்டம் போய்விடலாம் என ஒருவர் எழுதியிருப்பது, ஊருக்குப் புதியவர்களை அலைக்கழித்துவிடும். தக்கலை வரைதான் எல்லாவற்றுக்கும் பொதுவான பாதை. அதன்பின் சில பேருந்துகள் தேசிய நெடுஞ்சாலையிலேயே அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை கடந்து கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கும், சில குலசேகரத்துக்கும், வேறு சில இரணியல், திங்கள்நகர் வழியாகக் குளச்சலுக்கும் பிரிந்து போகின்றன. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் தக்கலையிலேயே இறங்கிவிடுவதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள், குறிப்பாக இருட்டிய பின் பயணம் செய்யும் பெண்களும் முதியவர்களும், பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் கடைசி ஊரின் பெயரைப் பார்த்து, நடத்துநரிடம் “மார்த்தாண்டம் போகுமா?” என்று கேட்ட பிறகே ஏற வேண்டும்.