லினக்ஸில் சத்தம் வராது என்று இன்னும் எத்தனை வருஷம் சொல்வீர்கள்?

நேற்றைய இணையக் கூட்டத்தில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். பேச வந்த தம்பியின் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ், விண்டோஸ் போல ஒரு இயங்குதளம். அவன் குரல் கேட்கவில்லை. உடனே ஒருவர், "லினக்ஸா? அதான் சத்தம் வரல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் பார்த்தால், பிரவுசரில் மைக்குக்கு அனுமதி கொடுக்காமல் விட்டிருக்கிறான். அவ்வளவுதான். சிரித்தவர்கள் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

லினக்ஸில் சத்தம் வராது என்பது பழைய கதை. அந்தக் கஷ்டத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2003இல் அப்பா மஸ்கட்டில் இருந்தார். வாரம் ஒருமுறை கம்ப்யூட்டரில் பேசுவோம். அது ஓஎஸ்எஸ் காலம்; லினக்ஸில் சத்தத்தைக் கவனித்துக்கொண்ட பழைய அமைப்பு அது. என்னுடையது போன்ற சாதாரண சவுண்டு கார்டில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் ஒலிக்கும். ஒருநாள் பாட்டு பிளேயரை மூடாமல் விட்டுவிட்டேன். "கேக்குதா, கேக்குதா" என்று அப்பா டைப் செய்துகொண்டே இருக்கிறார். கார்டை எது பிடித்து வைத்திருக்கிறது என்று நான் டெர்மினலில் தேடி முடிப்பதற்குள், பிரவுசிங் சென்டரில் அவருடைய நேரம் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு அழுதேன்.

ஆனால் கதை அங்கேயே நின்றுவிட்டதா? ஓஎஸ்எஸ்ஸுக்குப் பதிலாக, யாரோஸ்லாவ் கைசெலா தொடங்கிய அல்சா, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 2.6 பதிப்போடு வந்தது. லெனார்ட் பெட்டரிங் 2004இல் ஆரம்பித்த வேலை பல்ஸ்ஆடியோ ஆனது. பாட்டு, அழைப்பு, அறிவிப்பு எல்லாவற்றையும் கலந்து கார்டுக்கு அனுப்பியது. 2008 வாக்கில் அது திக்கித் திணறியது உண்மை. அதில் ஒரு பங்கு, அதுவரை கார்டை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் மறைந்து கிடந்த பிழைகளால் வந்தது. திட்டெல்லாம் லெனார்ட்டுக்குத்தான். இசைப்பதிவு செய்பவர்களுக்கு ஜாக் என்ற அமைப்பு தனியாக இருந்தது. இரண்டு வேலையையும் விம் டேமன்ஸின் பைப்வயர் சேர்த்தே செய்கிறது. 2021இல் ஃபெடோரா 34, 2022இல் உபுண்டு 22.10 என லினக்ஸ் பதிப்புகளோடு இயல்பாகவே உள்ளே வந்துவிட்டது.

"விண்டோஸில் தானாக வருகிறதே?" அங்கே கார்டு செய்பவர்களே டிரைவர் எழுதித் தருகிறார்கள். இங்கே ஆவணம்கூடக் கிடைக்காத கார்டுகளுக்கு, யாரோ ராத்திரி கண் விழித்து எழுதினார்கள். "ப்ளூடூத்தில் மைக் போட்டால் பாட்டு கரகரக்கிறதே?" அது ப்ளூடூத்தின் குறை, விண்டோஸிலும் உண்டு. "ஏன் இத்தனை முறை மாற்றினார்கள்?" சரி, இதில் நியாயம் இருக்கிறது. அதற்காக, புதிதாக வந்த ஒரு பையனைப் பார்த்தா சிரிப்பது?

ராத்திரி அவனிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணா, அடுத்த தடவ யார்கிட்டயாவது விண்டோஸ் லேப்டாப் வாங்கிட்டு வரேன்."

வேண்டாம் தம்பி. உன் லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை. அதிலேயே வா.